வேலூர்க் கல்லூரிகளில் ஆன்லைன் நிதிக் கல்வி: லிங்க் அனுப்பினால் வேலை முடிந்ததா?

பிப்ரவரி வந்தால் போதும், வேலூர் பக்கத்துக் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். "மாணவர்கள் அனைவரும் கீழே உள்ள லிங்கில் பதிவு செய்து, தேர்வு எழுதி, சான்றிதழை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படைக்கவும்." கூடவே ஒரு போஸ்டர். ரிசர்வ் வங்கி 2016-லிருந்து வருடந்தோறும் நடத்தும் நிதிசார் கல்வி வாரம் பெரும்பாலும் பிப்ரவரியில் வருவதால், அந்தச் சமயத்தில் இது கொஞ்சம் அதிகம். வகுப்பில் சூட்டிகையான பையன் ஒருத்தன் முதலில் எழுதிப் பார்த்து, சரியான விடைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டுவிடுவான். சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்கச் சான்றிதழ் வாங்கியாகிவிடும், துறையின் ஃபைலில் ஒரு பக்கம் ஏறும், கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் கமிட்டி வந்தால் காட்ட ஒரு போட்டோவும் இருக்கும். எல்லாருக்கும் திருப்தி. ஆனால் அதே வகுப்பில், பைக்குக்கு வாங்கின கடனுக்கு உண்மையில் எத்தனை சதவீத வட்டி கட்டுகிறாய் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

பாடம் இல்லாதது பிரச்சினை இல்லை, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பாடம் ஏராளமாகக் கிடக்கிறது, அதுவும் இலவசமாக. ரிசர்வ் வங்கி, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, காப்பீட்டு ஆணையம், ஓய்வூதிய ஆணையம் நான்கும் சேர்ந்து தொடங்கிய தேசிய நிதிக் கல்வி மையம் இருக்கிறது. அதன் ஆன்லைன் பாடத்தில் 20 பகுதிகள், வீட்டிலிருந்தே படிக்கலாம். இளங்கலை, முதுகலை மாணவர்களுக்கென்றே அதே மையம் தனிப் பயிற்சி ஒன்றும் நடத்துகிறது. முதலீட்டாளர்களுக்கான சான்றிதழ்த் தேர்வு ஒன்றை செபி தன்னுடைய பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் மூலமாகக் கட்டணமில்லாமல் வைக்கிறது. 2022 ஜனவரியில் 'சாரதி' என்று ஒரு செயலியையும் வெளியிட்டது. மோசடிகள் எப்படியெல்லாம் நடக்கும் என்று வகைவகையாக விளக்கி ரிசர்வ் வங்கி 2022-ல் ஒரு கையேடு போட்டது. அடிப்படை வங்கி விஷயங்களுக்கான அதன் இன்னொரு கையேடு தமிழிலும் உண்டு. இது போக மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம், நம் மாநில அரசின் நான் முதல்வன் திட்டம். கல்லூரி மாணவர்களை இந்த வேலைக்கு இழுப்பதுகூடப் புது யோசனை கிடையாது. பணமதிப்பிழப்பு நடந்த கையோடு, 2016 டிசம்பரில், மாணவர்களை வைத்து ஊருக்கு டிஜிட்டல் பணப் பரிமாற்றம் சொல்லிக்கொடுக்க 'வித்திய சாக்ஷரதா அபியான்' என்ற இயக்கத்தை அப்போது மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்றிருந்த மத்தியக் கல்வி அமைச்சகம் தொடங்கியது. எத்தனை பேருக்கு இப்போது அது ஞாபகம் இருக்கிறதோ.

இவ்வளவும் இருந்தும், மேலே சொன்ன தேசிய மையம் 2019-ல் எடுத்த கணக்கெடுப்பில் நாட்டில் பெரியவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான் நிதி எழுத்தறிவு இருப்பதாகத் தெரியவந்தது. ஏடிஎம் கார்டு இருக்கிறவர்கள், யுபிஐ போடுகிறவர்கள் எண்ணிக்கை இதைவிட அதிகம். ஆக, பணத்தைக் கையாளும் கருவி எல்லார் கையிலும் வந்து சேர்ந்துவிட்டது, அதைப் பற்றிய அறிவுதான் பின்தங்கி வருகிறது.

பழைய வட ஆற்காட்டுக்கு, அதாவது இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலாகப் பிரிந்து கிடக்கும் இந்தப் பகுதிக்கு, இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. 2022-ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வேலூரைத் தலைமையிடமாக வைத்து இயங்கிய ஐஎஃப்எஸ் என்ற நிதி நிறுவனத்தின் மீதும், சென்னையில் தலைமை அலுவலகம் வைத்து ஆரணி, செய்யாறு பக்கமெல்லாம் கிளை பரப்பிய ஆருத்ரா நிறுவனத்தின் மீதும், அதிக வட்டி ஆசை காட்டிப் பணம் வாங்கி ஏமாற்றியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்ட வருடம் அது. ஆருத்ராவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானதாகப் போலீஸ் சொன்னது. ஐஎஃப்எஸ் விவகாரமும் ஆயிரக்கணக்கான கோடி. போட்டவர்கள் எல்லாரும் படிக்காதவர்கள் என்று நினைத்தால் அது தப்பு. டிகிரி முடித்தவர்கள் இருந்தார்கள், சம்பளக்காரர்கள் இருந்தார்கள், நகையை அடகு வைத்துப் போட்டவர்கள் இருந்தார்கள். தெருவில் தெரிந்த முகம் ஒன்று ஏஜென்டாக வந்து, முதல் இரண்டு மூன்று மாதம் வட்டி சரியாக வந்துவிட்டால், அப்புறம் யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். லட்சத்துக்கு மாதம் 6,000 ரூபாய் தருகிறேன் என்கிறான் ஒருத்தன். வருடத்துக்கு 72,000, அதாவது 72 சதவீதம். வட்டியை எடுக்காமல் திரும்ப அதிலேயே போட்டால் ஒரே வருடத்தில் பணம் இரட்டிப்பு. இப்போது மாணவனிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இது சாத்தியமா?" என்பது இல்லை, ஏனென்றால் அதற்கு "பங்குச்சந்தை, ஃபாரெக்ஸ், ஏற்றுமதி" என்று ஏஜென்டிடம் பதில் தயாராக இருக்கும். கேட்க வேண்டியது வேறு: நல்லபடியாகத் தொழில் நடத்துகிற நிறுவனத்துக்கு வங்கியிலேயே வருடத்துக்குப் பத்து, பன்னிரண்டு சதவீதத்தில் கடன் கிடைக்குமே, அதை விட்டுவிட்டு உன் அப்பாவிடம் வந்து 72 சதவீதத்துக்கு ஏன் வாங்குகிறது? இந்த ஒரு கேள்விக்கு வகுப்பறையில் பத்து நிமிடம் செலவழித்தால் போதும், ஒரு மாணவனாவது வீட்டில் போய் அதைக் கேட்பான். இருபது பகுதிப் பாடத்திலும் இது எங்கேயோ இருக்கும், இல்லாமல் இருக்காது. ஆனால் காட்பாடிப் பையனுக்குத் தன் தெருவில் நடந்ததோடு அது சேர்ந்து வந்தால்தான் மண்டையில் ஏறும்.

தீபாவளிச் சீட்டும் அப்படித்தான். மாதம் 500 ரூபாய் கட்டினால் வருடக் கடைசியில் மளிகை, பட்டாசு, பாத்திரம், ஒரு சின்னத் தங்கக் காசு. செய்யாறு, ஆரணி, குடியாத்தம், எங்கே போனாலும் இது உண்டு. பல இடங்களில் நாணயமாகவும் நடக்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டு வேறு, நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிப் பணம் வாங்குகிற இந்த ஏற்பாடு வேறு என்பது பி.காம் படிக்கிற பெண்ணுக்கே தெரிவதில்லை. பணம் வாங்கியவர் ஓடிப்போனால் முதலீட்டாளர்களைப் பாதுகாக்க 1997-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது, முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019-ல் வந்தது. ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் ஒரு நிறுவனம் பணம் வாங்க அனுமதி பெற்றதா என்று பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். போட்ட பிறகு தெரிந்துகொள்கிற விஷயங்களாகவே இவை இருக்கின்றன.

சரி, மாணவர்களின் சொந்தப் பணத்துக்கு வருவோம். நிதிக் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக, மாணவர்களிடம் ஏது பணம், வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். இது இப்போது பழைய கதை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை, நேராக அவரவர் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஓட்டேரி முத்துரங்கம் அரசுக் கல்லூரி மாதிரி இடங்களில் இது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் முறையாகத் தன் பெயரில், தன் கணக்கில், மாதாமாதம் வரும் பணம். மூன்று வருடத்துக்கு 36,000. நிதிக் கல்விக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்? ஆனால் அந்தப் பணம் வருகிற நாளில் மாணவிக்கு வரும் குறுஞ்செய்தி வங்கியிலிருந்து வருவது மட்டும்தான். அந்த வாரம் கல்லூரி எதையும் சொல்வதில்லை.

அந்தக் கணக்கே ஒரு ஆபத்தும்கூட. "உன் அக்கவுண்டை ஒரு வாரம் குடு மச்சான், பணம் வந்து போகும், உனக்குக் கமிஷன்" என்று விடுதியில் யாரோ கேட்பார்கள். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடுத்துவிட்டுச் சில ஆயிரம் வாங்கிக்கொள்கிற பையனுக்கு, ஆன்லைன் மோசடியில் யாரோ இழந்த பணம் தன் பெயர் வழியாகத்தான் போகிறது என்பது போலீஸ் தேடிவரும்போதுதான் புரிகிறது. கணக்கு முடக்கப்படும், வழக்கில் பெயர் சேரும், வேலை கிடைக்கிற நேரத்தில் அது குறுக்கே வரும். வாடகைக் கணக்கு என்று இதற்குப் பெயர். இந்த வகைக் கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையமே செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை உருவாக்க வேண்டிய அளவுக்குப் போயிருக்கிறது. பட்ஜெட் போடுவது எப்படி என்று முதல் பாடத்தில் ஆரம்பிக்கும் ஆன்லைன் பயிற்சிகள் இதைக் கடைசிப் பகுதியில் வைத்திருக்கும். முதலாம் ஆண்டு முதல் வாரத்தில் சொல்ல வேண்டியது இது. யுபிஐ பின் எண் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான், பணம் பெறுவதற்கு யாரும் அதைப் போடத் தேவையில்லை என்பதும் அப்படித்தான்.

அப்புறம் அந்த பைக் கடன். ஒரு லட்சம் கடன், இரண்டு வருடம், "வெறும் பத்து பர்சன்ட்" என்கிறார் ஃபைனான்ஸ்காரர். பத்து சதவீதம் வருடத்துக்கு 10,000, இரண்டு வருடத்துக்கு 20,000, மொத்தம் 1,20,000-ஐ 24 மாதத்தில் வகுத்தால் மாதம் 5,000. கணக்கு நேராகத்தானே இருக்கிறது? இல்லை. மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கே வாங்கப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது வருடத்துக்கு 18 சதவீதத்தைத் தாண்டுகிறது. எக்செல் தெரிந்த எந்த மாணவனும் ஒரு நிமிடத்தில் போட்டுப் பார்க்கலாம், கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் செய்முறையாகவே வைக்கலாம். வங்கிகளும் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குக் கொடுக்கும் தவணைக் கடன்களுக்கு, எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பதைக் காட்டும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது, அதே வருடம் அக்டோபரிலிருந்து புதுக் கடன்களுக்கு அது கட்டாயம். தமிழில் கேட்க உரிமை இருக்கிறது. கேட்கிறவர்கள் எத்தனை பேர்? ஷோரூமில் சாவியைக் கையில் கொடுத்து போட்டோ எடுக்கிற அவசரத்தில் எங்கே கையெழுத்துப் போட்டோம் என்றே தெரிவதில்லை.

கல்விக் கடனுக்கும் இதே கதி. கடன் வாங்கலாமா வேண்டாமா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. படிக்கும் காலத்திலும், முடித்த பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பது எல்லாருக்கும் தெரியும், அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. பொறியியல் படிக்க வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு வருடம், பத்து சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொண்டால், முதல் தவணை கட்டுகிற நாளில் பாக்கி நாலு லட்சம் இருக்காது, ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் இருக்கும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் வரை சலுகை தரும் ஏற்பாடு வங்கிகளில் உண்டு. இதை எல்லாம் யார் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும்? சேர்க்கை நடக்கிற மாதத்தில், கட்டணம் கட்டுகிற கவுன்டருக்குப் பக்கத்தில்.

இங்கேதான் என் வாதமே இருக்கிறது. நிதிக் கல்வியை ஒரு பாடத்திட்டமாக நினைத்து, அதை விளம்பரப்படுத்தி, இத்தனை ஆயிரம் பேர் பதிவு செய்தார்கள் என்று கணக்குக் காட்டுவதுதான் நடக்கிறது. அந்த அறிவு தேவைப்படுகிற நாளோடு பாடத்தைப் பிணைக்காவிட்டால் அது நிற்காது. இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. ஃபெர்னாண்டஸ் என்ற ஆய்வாளரும் உடன் இருவரும் 2014-ல் இருநூறு ஆய்வுகளை ஒன்றாக அலசிப் பார்த்தார்கள். மனிதர்களின் பண நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் நிதிக் கல்வியால் விளக்க முடிந்தது வெறும் 0.1 சதவீதம். மணிக்கணக்கில் நடத்திய பயிற்சிகளின் தாக்கம்கூட இருபது மாதத்துக்குள் கரைந்துபோனது. தேவைப்படும் நேரத்தில், தேவைப்படுகிற அளவு சொல்லிக்கொடுங்கள் என்பதே அவர்கள் முன்வைத்த தீர்வு. உடனே எல்லாம் வீண் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். 2022-ல் கைசர், லுசார்டி முதலானோர் வெளியிட்ட இன்னொரு பெரிய அலசல், ஒப்பிட்டுப் பார்க்கப் பயிற்சி கொடுக்காத ஒரு குழுவையும் வைத்து முறையாக நடத்திய 76 பரிசோதனைகளை எடுத்துக்கொண்டது. அதில் அறிவிலும் நடத்தையிலும் நிதிக் கல்விக்கு நல்ல பலனே தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது, கல்விக்குப் பலன் உண்டு, எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது நிறையவே மாறும்.

ஆன்லைன் என்கிறபோது இன்னொரு தொல்லையும் சேர்கிறது, பாதியில் விட்டுவிடுவது. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இணைய வகுப்புகளிலேயே 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் மூன்று சதவீதம் சொச்சம்தான். அப்படியிருக்க, இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு வந்து, மாலையில் பகுதி நேர வேலை பார்த்து, தினசரி டேட்டா தீர்ந்துபோன போனோடு வீட்டுக்குப் போகிற பையன், இங்கிலீஷில் இருபது பகுதியையும் தானாக முடிப்பான் என்று எதிர்பார்ப்பதில் நியாயமே இல்லை. சான்றிதழுக்காக விடையைக் காப்பியடிப்பதை அவனுடைய சோம்பல் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, நாம் கேட்டது சான்றிதழ், அவன் கொடுத்தது சான்றிதழ்.

அப்படியானால் எப்படிப் பிரபலப்படுத்துவது? கல்லூரி நாட்காட்டியோடு பணத்தின் நாட்காட்டியையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். சேர்க்கையின்போது கல்விக் கடன். உதவித்தொகைக்குக் கணக்கு தொடங்குகிற வாரத்தில் வாடகைக் கணக்கும் யுபிஐயும். அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல், ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிற பெற்றோருக்கு போனஸ் வருகிற நேரத்தில், சீட்டும் தவணைக்கு போன் வாங்குவதும். இந்த ஊரில் போனஸ் வாரத்தைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. கடைசி வருடத்தில் முதல் சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, பி.எஃப் பிடித்தம் எங்கே போகிறது, வேலை மாறும்போது அதை ஏன் உடனே எடுத்துவிடக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகப்போகிறவர்களுக்கு இது அடுத்த மாதக் கதை, காதைக் கொடுத்துக் கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிட வீடியோ அல்லது ஒரே பக்கத் தாள் போதும், முழுப் பாடத்தின் லிங்க் அதன் அடியில் இருக்கட்டும், ஆர்வம் வந்தவர்கள் தாங்களாகப் போவார்கள்.

தமிழில் என்றால் மொழிபெயர்ப்புத் தமிழில் இல்லை. 'இடர் தாங்குதிறன்', 'சொத்து ஒதுக்கீடு' என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே கூட்டம் கலைந்துவிடும். மீட்டர் வட்டி, தண்டல், அடகு, குழுக் கடன், சீட்டில் தள்ளு எடுப்பது என்று ஊர் ஏற்கெனவே பேசுகிற பேச்சிலிருந்து ஆரம்பித்தால் மாணவனே பாதி வகுப்பை நடத்திவிடுவான். குறிப்பாக மகளிர் குழுக் கடன். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில், வாரக் கூலி வருகிற கையோடு எந்த நிதி நிறுவனத்துக்கு எந்தக் கிழமை தவணை என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று இந்த மாதிரி நுண்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் வரம்பு வைத்திருப்பதை அந்தப் பிள்ளைகளிடம் சொன்னால், அன்று ராத்திரியே அம்மாவின் கடன் அட்டைகளை எடுத்து வைத்துக் கூட்டிப்பார்ப்பார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி என்பவர் தனக்காக மட்டும் படிக்கிறவர் இல்லை, வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு இங்கிலீஷ் தாளையும் படித்துச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். கல்லூரியில் ஒருத்தருக்குச் சொன்னால் வீட்டில் நாலு பேருக்குப் போகும், நிதிக் கல்வியைக் கல்லூரியில் நடத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

யார் சொல்ல வேண்டும் என்பதில் கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும். 'இலவச நிதி விழிப்புணர்வு வெபினார்' என்ற பெயரில் கல்லூரிக்குள் வருகிறவர்களில் ஒரு பகுதியினர் பங்கு வாங்க, விற்கத் தேவைப்படும் டீமேட் கணக்கை ஆரம்பிக்க வைக்கவும், காப்பீட்டு ஏஜென்டாகச் சேர்க்கவும்தான் வருகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் சேமிப்பின் அருமை, கடைசிப் பத்து நிமிடம் கியூஆர் கோடு. பங்குச்சந்தையில் விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது போன்ற ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஆடியவர்களைப் பற்றி செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் வயிற்றைக் கலக்கும். மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தத்தில் 1.8 லட்சம் கோடிக்கு மேல் போயிருக்கிறது. அதில் ஆடியவர்களில் முப்பது வயதுக்குக் கீழானவர்களின் பங்கு ஒரே வருடத்தில் 31-லிருந்து 43 சதவீதமாக ஏறியது. இந்த வயதுப் பிள்ளைகளிடம் 'டிரேடிங் கற்றுத்தருகிறேன்' என்று வருகிறவரைக் கல்லூரி உள்ளே விடும் முன், அவர் செபியில் பதிவு பெற்றவரா என்றாவது பார்க்க வேண்டும். பாடம் நடத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு இன்றைய பங்கு விலையை வைத்து டிப்ஸ் கொடுப்பதைத் தடுக்க, மூன்று மாதத்துக்கு முந்தைய விலையைத்தான் காட்டலாம் என்று செபி 2025 ஜனவரியில் விதி போட்டதே இந்தத் தொல்லை தாங்காமல்தான். ஆள் வேண்டுமென்றால் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கிக்கு எழுதிக் கேட்கலாம், நிதிசார் கல்வி ஆலோசகர்களை அனுப்புவது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. ஆனால் அவர்கள் வந்து மைக்கில் பேசுவதைவிட, லோன் ஆப்பில் மாட்டி மீண்ட ஒரு மூன்றாமாண்டு மாணவன் விடுதி வராந்தாவில் உட்கார்ந்து சொல்வதற்குக் கூட்டம் அதிகம் வரும். போனில் இருக்கிற தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் ஆப்கள் எடுக்கக் கூடாது, கடன் பணம் நேராக வாங்குகிறவர் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அந்த விதியை அவன் வாயால் கேட்டால் யாருக்கும் மறக்காது.

கல்லூரி நிர்வாகங்கள் கேட்கும் அடுத்த கேள்வி தெரிந்ததுதான்: சான்றிதழை எண்ணாவிட்டால் எதை எண்ணுவது? எண்ண நிறைய இருக்கிறது. ஆறு மாதம் கழித்து, பெயர் போடாத படிவத்தில் நாலு விஷயம் கேளுங்கள். வாங்கிய கடன், கட்டிய தவணை எல்லாம் பதிவாகியிருக்கும் உன் கடன் தகவல் அறிக்கையை ஒருமுறையாவது எடுத்துப் பார்த்தாயா (ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் வருடத்துக்கு ஒன்று இலவசம்)? வீட்டில் யாருக்காவது ஒரு கடன் பத்திரத்தைப் படித்துச் சொன்னாயா? தெரியாத செயலிக்கு போன் அனுமதி கொடுக்காமல் விட்டாயா? பணம் தப்பாகப் போனால் முதலில் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவாய்? முதல் வருடம் வருகிற பதில்கள் மானத்தை வாங்கும், வாங்கட்டும். வேலூரில் பெரிய தனியார் பல்கலைக்கழகமும் இருக்கிறது, நூறு வருடம் தாண்டிய ஊரிஸ் கல்லூரியும் இருக்கிறது, ஆக்சிலியம், டி.கே.எம் என்று பெண்கள் கல்லூரிகளும் இருக்கின்றன. மாணவர்களின் வீட்டு நிலைமை ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும். ஒரே பாடத்தை எல்லாருக்கும் அனுப்புவதைவிட, இந்தப் பதில்களை வைத்து எந்தக் கல்லூரிக்கு எதை முதலில் சொல்வது என்று முடிவு செய்யலாம்.

கடைசிக் கேள்விக்கு மட்டும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. சைபர் மோசடி என்றால் 1930, அதுவும் பணம் போன முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கூப்பிட்டால்தான் போகிற வழியிலேயே அதை முடக்க வாய்ப்பு அதிகம். மூன்றாம் ஆள் புகுந்து கணக்கிலிருந்து எடுத்திருந்தால், நம் பக்கமோ வங்கிப் பக்கமோ தப்பு இல்லாதபோது, மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் நமக்குப் பொறுப்பே கிடையாது என்பது 2017-லிருந்து இருக்கிற விதி. வங்கி முப்பது நாளாகியும் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கான உதவி எண் 14448. அடையாள அட்டையின் பின்பக்கத்தில் கல்லூரி முகவரிக்குக் கீழே இந்த இரண்டு எண்ணையும் அச்சடிக்க எந்தக் குழுவின் ஒப்புதலும் வேண்டாம், ஜூனில் புது அட்டைகளுக்கு ஆர்டர் கொடுக்கும்போது சொன்னால் போதும்.